பூனை ஏன் இப்படிச் செய்கிறது? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

பூனை வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால் வீட்டில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும். "அதுக்குத் திமிர்", "கோவிச்சிட்டிருக்கு", "புதுக் குழந்தை மேல பொறாமை". குணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உடம்பைப் பாருங்கள். பூனை வேட்டையாடும் பிராணி, ஆனால் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையும் கூட. அதனால் வலியையும் பலவீனத்தையும் வெளியே காட்டாமல் மறைப்பது அதன் பிறவிப் பழக்கம். நாய் நொண்டிக்கொண்டு வந்து காலை நீட்டும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாம் "குணம்" என்று சொல்வதில் பாதி, மறைக்க முடியாமல் கசிந்த நோயாக இருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், கீழே தேடுவதற்கு முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, மண் தட்டு: இன்று சிறுநீர் கழித்திருக்கிறதா, சிறுநீரில் மண் சேர்ந்து திரண்ட கட்டிகள் எத்தனை? இரண்டு, சாப்பாட்டுக் கிண்ணம்: வழக்கமான அளவு குறைந்திருக்கிறதா? மூன்று, மூச்சு: நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். நல்ல நாளிலேயே எண்ணி நாட்காட்டியில் குறித்து வைத்தால், கெட்ட நாளில் ஒப்பிட ஒரு கணக்கு கையில் இருக்கும். இந்த மூன்றில் எதுவும் மாறவில்லை, பூனை விளையாடுகிறது, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது என்றால் பதற்றமில்லாமல் காரணம் தேடலாம்.

மண் தட்டுக்குப் போய்ப் போய் வருகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பூனைகளை, குறிப்பாக ஆண் பூனைகளை, தடுக்கக்கூடிய விதத்தில் கொல்வது இதுதான்.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளமானது, நுனியில் மிகக் குறுகலானது. சிறுநீரில் உருவாகும் மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அங்கே அடைத்துவிடும். உள்ளே தேங்கும் சிறுநீரின் அழுத்தம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தடுமாறும். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

அறிகுறி ஆரம்பத்தில் சாதாரணமாகத்தான் தெரியும். எங்கள் தெருவில் ஒரு அம்மா தன் பூனைக்கு மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடிக்கொண்டிருந்தார். "முக்கி முக்கிப் பார்க்கிறான் தம்பி, வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றார். பூனை தட்டில் குந்தி உட்கார்ந்து, முதுகை வளைத்து, மெல்லிய குரலில் கத்தியது. இறங்கியதும் பின்பக்கத்தை விடாமல் நக்கியது. மறுபடி ஏறியது. தட்டில் புரட்டிப் பார்த்தால் ஒரு கட்டி கூட இல்லை. அடிவயிற்றில் கை வைத்தவுடன் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாக, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அது மலமல்ல, நிரம்பி வழியும் நிலையில் இருந்த சிறுநீர்ப்பை. விளக்கெண்ணெயை ஓரமாக வைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றினோம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு அடைப்பை நீக்கினார். பிழைத்தான்.

அதனால்: ஆண் பூனை முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக இரத்தத்தோடு வருகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். வயிற்றை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். நிரம்பிய பை கிழிந்துவிடலாம். பெண் பூனைக்கு அடைப்பு அரிது, ஆனால் எரிச்சலும் வீக்கமும் வரும்; அன்றே காட்டிவிடுவது நல்லது.

ஒரு தடவை அடைத்த பூனைக்கு மறுபடி அடைக்கலாம். பாதுகாப்பு தண்ணீர்தான். பூனையின் முன்னோர்கள் வறண்ட நிலத்து விலங்குகள், தாகம் குறைவு. இரையில் இருக்கும் ஈரமே போதும் என்று வாழ்ந்தவை. நாமோ காய்ந்த பாக்கெட் தீனியை மட்டும் போடுகிறோம். ஈர உணவு கொடுங்கள், அல்லது வேகவைத்த கோழியோடு உப்பும் மசாலாவும் சேர்க்காத அந்தத் தண்ணீரையும் ஊற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மீசை இடிக்காத அகலத்தில், சாப்பாட்டுக்கும் மண் தட்டுக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும்.

தட்டுக்கு வெளியே, மெத்தையில், மூலையில் சிறுநீர் கழிக்கிறது

பழிவாங்கல் என்று நினைக்க வேண்டாம். முதலில் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். நின்றுகொண்டு, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி நடுங்க, சுவரிலோ திரைச்சீலையிலோ பின்பக்கமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. குந்தி உட்கார்ந்து தரையில் பெரிய வட்டமாகப் போனால் அது கழிப்பிடச் சிக்கல்.

எல்லை குறிப்பதற்கு முதல் மருந்து கருத்தடை. அறுவை செய்த ஆண் பூனைகளில் பத்தில் ஒன்பது இதை நிறுத்திவிடும் அல்லது பெருமளவு குறைத்துவிடும். அப்படியும் தொடர்ந்தால் ஜன்னலைப் பாருங்கள். தெருப் பூனை ஒன்று வந்து மதில் மேல் உட்காருகிறதா? ஜன்னலின் கீழ்ப்பாதியைக் காகிதம் ஒட்டி மறைத்தாலே பல வீடுகளில் நின்றுவிடும்.

கழிப்பிடச் சிக்கல் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை முதலில், தட்டு அடுத்தது. தட்டில் நான் பார்க்கும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான்: சிறியது, அழுக்கானது. பூனையின் உடல் நீளத்தில் ஒன்றரை மடங்காவது தட்டு வேண்டும். கடையில் பூனைக்கென்று விற்கும் தட்டைவிடத் துணி வைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் மேல். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு அதிகம் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மூலையில் அடுக்கக் கூடாது. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால் அது சுழல ஆரம்பித்த அன்றிலிருந்து பூனை அந்தப் பக்கம் போகாது. வாசனை சேர்த்த மண் நம் மூக்குக்குப் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது. சலித்த ஆற்று மணலோ கட்டுமான மணலோ போட்டாலும் பூனை ஏற்றுக்கொள்ளும், ஆனால் கட்டி சேராது. சிறுநீர் எத்தனை தடவை என்ற கணக்கு நமக்குக் கிடைக்காது. அந்தக் கணக்குக்காகவே கட்டி சேரும் பூனை மண்ணுக்குக் காசு செலவு செய்யலாம்.

தினமும் இரண்டு வேளை அள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். பூனை மலத்தில், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பம் என்றவுடன் பூனையைத் தெருவில் விடச் சொல்லும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நனைந்த இடத்தை ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிடுங்கள்.

சாப்பிட மறுக்கிறது

நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, அந்த வசதி இல்லை. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்பில் இருக்கும் கொழுப்பு ஈரலுக்குப் போய்க் குவிந்து ஈரலே செயலிழக்கும். "பசிச்சா தானா சாப்பிடும்" என்ற பேச்சு பூனைக்கு ஒத்துவராது. ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். குட்டி என்றால் அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி போடாத குட்டி வாந்தி, பேதியோடு சுருண்டுவிட்டால் பூனைகளின் பார்வோ எனப்படும் பான்லூகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம்.

கிண்ணத்துக்கு வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறதா? மூக்கடைப்பாக இருக்கும். மணம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. உணவை லேசாகச் சூடு காட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஆசையாக வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லுகிறதா? பல் அல்லது ஈறு. வாய் நாற்றமும் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய உறுதி.

வீட்டுச் சாப்பாடு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூனை முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. தயிர் சாதத்தில் வளரும் பூனை உயிரோடு இருக்கும், நன்றாக இருக்காது. டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் உண்டு. பூனையின் உடம்பால் அதைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து விரியும். அந்த இதயநோய்க்குக் காரணம் டாரின் குறைவுதான் என்று 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிரூபித்த பிறகே தீனி தயாரிப்பாளர்கள் அதை அதிகம் சேர்க்கத் தொடங்கினார்கள். குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சை மீனையே தினமும் போடவும் வேண்டாம். சில மீன்களில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கிறது. வேகவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும்.

வாந்தி எடுக்கிறது

எப்போதாவது முடி உருண்டை வந்தால் கவலை இல்லை, தினமும் சீவிவிடுங்கள். அடிக்கடி என்றால் முடிதான் என்று ஒதுக்க வேண்டாம். அவசரமாக விழுங்கி உடனே முழுசாகக் கக்கினால், பரந்த தட்டில் பரப்பிக் கொடுங்கள்.

பயப்பட வேண்டியது நூல். பூத்தொடுக்கும் நூல், தையல் நூல், பட்டத்து நூல். பூனையின் நாக்கு முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் சிக்கிய நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், குடல் சுருக்குப் பை போலச் சுருங்கி அறுபடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள். அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். சூடிக் கழற்றிய பூச்சரத்தைத் திறந்த குப்பைக் கூடையில் போடாமல் இருப்பது பூனை வீட்டில் ஒரு நல்ல பழக்கம்.

எச்சில் ஒழுகுகிறது, தள்ளாடுகிறது, நடுங்குகிறது

விஷம் என்று எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். போகும்போது யோசியுங்கள்: காய்ச்சலுக்கு யாராவது பாரசிட்டமால் கொடுத்தார்களா? பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே உயிரை எடுக்கலாம். ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் தடவினீர்களா? அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் நடுக்கமும் வலிப்பும் வரும். பூங்கொத்தில் வந்த லில்லியை மென்றதா? மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போகும். வேலியில் படரும் செங்காந்தளும் விஷம். அந்துருண்டையும் அப்படித்தான். மருந்தின் அட்டையையோ செடியையோ கையோடு எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

இருமுகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது

கழுத்தைத் தரையோடு நீட்டிக் குறுகி உட்கார்ந்து இருமினால், ஒன்றும் வெளியே வராவிட்டால், அது முடி உருண்டை அல்ல, ஆஸ்துமாவாக இருக்கலாம். ஒரு தடவை வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், அங்கே போனால் பூனை இருமாது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திப் புகையைப் பூனை இருக்கும் அறையிலிருந்து விலக்குங்கள்.

வாயைத் திறந்து இரைப்பது நாய்க்கு இயல்பு, பூனைக்கு அவசரம். கத்திரி வெயிலில் அடைத்த அறையில் என்றால் வெப்பத் தாக்கு: ஈரத் துணியால் உடம்பை நனைத்து, விசிறிக்கு அடியில் வைத்து, அப்படியே கொண்டுபோங்கள். வெயிலே இல்லாமல் இரைத்தால் இதயமோ நுரையீரலோ. திடீரென்று அலறி, பின்னங்கால்கள் செயலிழந்து சில்லிட்டுப் போனால் இதயத்திலிருந்து கிளம்பிய இரத்தக் கட்டியாக இருக்கலாம். இதில் ஒரு மணி நேரம் கூடக் கணக்கு.

பெண் பூனை இரவெல்லாம் கத்துகிறது, தரையில் உருள்கிறது

வயிற்றுவலி என்று நினைத்துப் பலர் பதறுவார்கள். முதுகைத் தடவினால் பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒதுக்கி, பின்னங்கால்களால் மிதிக்கிறதா? சாப்பாடு ஓரளவு போகிறதா? பருவம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்கு மாதக் குட்டிக்கே வரலாம். பகல் நீளமாக இருக்கும் நம் ஊரில் ஆண்டு முழுக்க, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். சினைக் காலம் சுமார் ஒன்பது வாரம்தான். ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். "ஒரு தடவை குட்டி போடட்டும், பாவம்" என்று தள்ளிப்போடுவதில் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை; முதல் பருவத்துக்கு முன் செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

மண் தின்கிறது, சுவரை நக்குகிறது

ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தசோகை. தெள்ளுப்பூச்சி மொய்த்த குட்டியிடம் இது மிகச் சாதாரணம், குடற்புழுவும் காரணமாகலாம். வாலடியில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் நாடாப்புழு, அதையும் தெள்ளுதான் கொண்டுவருகிறது; இரண்டுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

தடவிக்கொண்டிருக்கும்போதே கடிக்கிறது

"திடீர்னு கடிச்சிருச்சு" என்பார்கள். திடீரென்று இல்லை. வால் நுனி தட்டும், முதுகுத் தோல் சிலிர்க்கும், காது பக்கவாட்டில் திரும்பும். அதற்குப் பிறகுதான் பல். முதல் அறிகுறியிலேயே கையை எடுத்துவிட்டால் கடி வராது. பல பூனைகளுக்குக் கன்னமும் தாடையும் பிடிக்கும், வயிறும் வாலடியும் பிடிக்காது. வழக்கமாகக் கொஞ்சவிடும் பூனை ஒரே இடத்தைத் தொட்டால் மட்டும் சீறினால் அந்த இடத்தில் வலி.

ஜன்னலில் வேறு பூனையைப் பார்த்து உறுமிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய்த் தூக்காதீர்கள்; அந்தக் கோபம் உங்கள் மேல் திரும்பும். அறையை இருட்டாக்கி, கதவைச் சாத்தி, அது தானாக வெளியே வர விரும்பும் வரை விட்டுவிடுங்கள்.

நட்பைக் காட்ட ஒரு எளிய வழி உண்டு: முகத்தைப் பார்த்துக் கண்ணை மெதுவாகச் சுருக்கி, மூடித் திறங்கள். 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது பூனைகள் பதிலுக்குக் கண் சுருக்கின. அப்படிச் செய்த அந்நியரின் கையை நாடி வருவதும் கூடியது.

கடித்தோ பிறாண்டியோ இரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மருத்துவமனை போங்கள். பெயரில் நாய் இருந்தாலும் ரேபிஸ் பூனையாலும் பரவும். பூனைக்கும் மூன்று மாதத்தில் அந்த ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

பயப்பட வேண்டாதவை

விடிகாலையில் வீட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பறப்பது: பூனையின் வேட்டை நேரமே விடியலும் அந்தியும்தான். இரவு நீங்கள் தூங்கப்போகும் முன் நன்றாக விளையாட்டுக் காட்டி, அதன் பிறகு சாப்பாடு போட்டால் தூங்கிவிடும். ஒரு துணியை முகர்ந்துவிட்டு வாயைப் பாதி திறந்து உறைந்து நிற்பது: மேலண்ணத்தில் மணம் அறியும் இன்னொரு உறுப்பு இருக்கிறது, அதற்குக் காற்றை அனுப்புகிறது. பல்லியையும் அணிலையும் பார்த்துத் தாடையைக் கடகடவென்று அடிப்பது, மடியில் மாவு பிசைவது, இறந்த கரப்பானைக் கொண்டுவந்து காலடியில் போடுவது, எல்லாம் இயல்பு. சோஃபாவைப் பிறாண்டுவதும் தேவைதான்: பழைய நகத் தோலைக் கழற்றவும், தன் வாசனையை விடவும், முதுகை நீட்டவும். மூன்றடி உயர மரக்கட்டையில் தேங்காய் நார்க்கயிறு சுற்றி, ஆடாமல், அந்த சோஃபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். மூலையில் ஒளித்து வைத்தால் தொடாது.

தோட்டத்தில் குப்பைமேனியைப் பிடுங்கும்போது பூனை ஓடிவந்து அதன் வேரில் முகத்தைத் தேய்த்து, எச்சில் வழியப் புரண்டால் அதற்கும் பயப்பட வேண்டாம். அந்த வேருக்குப் பூனைகள் மயங்கும்; பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்.

ஒளிந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது

தீபாவளி, வீட்டில் விருந்தினர், புது வீடு என்றால் காரணம் தெரிந்ததே. உள்ளறை ஒன்றில் அட்டைப் பெட்டி, தண்ணீர், மண் தட்டு வைத்து, ஃபேனை ஓடவிட்டு, இழுத்து வெளியே எடுக்காமல் விடுங்கள். காரணமே இல்லாமல் ஒளிந்தால் முதலில் சொன்ன மூன்றையும் பாருங்கள். அவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் மருத்துவர்தான்.

வயதான பூனை நடுராத்திரியில் கத்துகிறது

பத்து வயதைத் தாண்டிய பூனை இருட்டில் நின்று ஓலமிட்டால் முதுமை என்று விட்டுவிடாதீர்கள். இரத்தக் கொதிப்பு, தைராய்டு மிகுதி, சிறுநீரகக் கோளாறு, காது மந்தம் எல்லாம் இப்படித்தான் வெளிப்படும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டையோ சர்க்கரையையோ சந்தேகப்படுங்கள். தண்ணீர் அதிகம் குடித்து, மண் தட்டில் கட்டிகள் பெரிதானால் சிறுநீரகமோ சர்க்கரையோ. கண்மணி இரண்டும் வெளிச்சத்திலும் அகலமாகவே இருந்தால், பொருள்களில் இடித்துக்கொண்டால், கொதிப்பால் பார்வை போயிருக்கலாம். உடனே மருந்து தொடங்கினால் சில பூனைகளுக்கு ஓரளவு திரும்பும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய ஊர்களில் தனியார் மருத்துவர்களிடம் இந்த வசதி உண்டு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

அலமாரி மேல் ஏறுவதை நிறுத்திவிட்டால் மூட்டு வலி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள், மண் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்துங்கள், இரவில் நடைவழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.